அடமானம் வைத்து மருத்துவம் வேண்டாம், அவள் நுண்ணோக்கியில் என்ன பார்க்கிறாள் என்று கேளுங்கள்

அம்மா, உங்கள் கடிதத்தில் மகளுக்கு என்ன பிடிக்கும் என்பதற்கு ஒரே ஒரு வரிதான்: எப்போது பார்த்தாலும் நுண்ணோக்கியும் கடல் தண்ணீருமாக இருக்கிறாள். மீதி முழுக்கப் பெரியப்பா சொன்னது, சித்தி சொன்னது. கவலைப்படாதீர்கள் என்று எழுதிவிட்டுப் போகலாம்தான். ஆனால் வீட்டை அடமானம் வைத்தாவது மருத்துவத்தில் சேர்த்துவிடலாமா என்று கேட்கிறீர்களே, கூடாது. அவளுக்கு மனமில்லாத படிப்புக்கு வாங்கும் கடனைப் பெரியப்பா வந்து கட்டப்போவதில்லை.

இன்ஜினியரிங், கம்ப்யூட்டர் பற்றியெல்லாம் சொல்ல ஊரே இருக்கிறது. அவள் பார்த்துக்கொண்டிருப்பதைப் பற்றி நான் சொல்கிறேன்.

கடலில் பாசியை மேயும் ஒருசெல் உயிர்களுக்குக் கண்ணாடி போன்ற உடம்பு. விழுங்கிய பாசியின் பச்சையத்தில் வெளிச்சம் பட்டால் அது ஆக்சிஜனை உசுப்பிவிட்டு, தின்ற உயிரையே தாக்கும். அதனால் சத்தை எடுத்துக்கொண்டால் மட்டும் போதாது, நிறமியின் விஷத்தையும் முறித்தாக வேண்டும். பச்சையத்தின் நடுவிலுள்ள மக்னீசியம் கழன்றால் ஃபியோஃபைட்டின், அதன் வால் போன்ற நீண்ட பகுதியும் அறுந்தால் ஃபியோஃபோர்பைடு, பச்சை பழுப்பாகிவிடும். ஆனால் இவையும் வெளிச்சத்தில் ஆபத்துதான். பல ஒருசெல் உயிர்கள் இன்னொரு படி போய், ஒளிராத, தீங்கில்லாத சைக்ளோஃபியோஃபோர்பைடு ஈனால் என்ற பொருளாக மாற்றிவிடுகின்றன. ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை வெளியிட்டதே 2012இல்தான்.

வேலை எப்படி இருக்கும் என்கிறீர்களா? வடிதாளில் பிடித்த பாசியை 90% அசிட்டோனில் போட்டு இருட்டில், குளிரில் ஊறவைத்து, ஒளிர்வுமானியில் (வெளிச்சம் பட்டதும் ஒரு பொருள் எவ்வளவு ஒளிர்கிறது என்று காட்டும் கருவி) அளவெடுத்து, ஓரிரு சொட்டு நீர்த்த அமிலம் விட்டு மறுபடி அளவெடுப்பார்கள். ஒளிர்வு எவ்வளவு இறங்குகிறது என்பதை வைத்தே நல்ல பச்சையம் எவ்வளவு, ஏற்கெனவே சிதைந்தது எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிடலாம். ஆனால் ஒளிராத பொருள் இந்தக் கருவியின் கண்ணில் படாது, அதைப் பிடிக்கக் கலவையிலுள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் குரோமடோகிராபி வேண்டும். சிதைந்த பச்சையத்தை வைத்து எவ்வளவு பாசி மேயப்பட்டது என்று போடும் கணக்கே இங்கே தப்பிப்போகலாம். கார்பன் எவ்வளவு கடலடிக்குப் போகிறது என்று கணிப்பவர்களுக்கு அது சின்னத் தப்பு இல்லை.

சரி, செலவுக்கு வருவோம். பெயரில் 'கடல்' இருக்கிறது என்பதற்காகக் கொள்ளைக் கட்டணம் கேட்கும் பட்டப்படிப்பில் சேர்க்காதீர்கள். சாதாரணக் கல்லூரியில் வேதியியலோ உயிர்வேதியியலோ போதும், கடல் அப்புறம் வரட்டும். முனைவர் ஆய்வுக்கு உதவித்தொகை கிடைத்தால் மட்டுமே சேர வேண்டும், இதில் நான் இறங்கிவரவே மாட்டேன். ஆய்வு வேலைகள் குறைவு, வருடக்கணக்கில் காத்திருக்க நேரலாம், அதை அவளிடம் மறைக்காதீர்கள். அதே குரோமடோகிராபியை மருந்து, உணவுப் பரிசோதனைக் கூடங்களிலும் செய்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும்: அவளுக்கு வேதியியல் பிடிக்குமா? நுண்ணோக்கியில் பார்ப்பது மட்டும்தான் பிடிக்கும் என்றால் நான் சொன்ன வழி சரிவராது, வேறு பேசலாம். அடுத்த கடிதத்தை அவளையே எழுதச் சொல்லுங்கள்.