வாசகர் கேள்வி – பதில்: ஆறுமணிக்குருவியும் சோலைக்கிளியும்

கேள்வி: ஐப்பசியில் ஒரு விடியற்காலை, மொட்டைமாடிக் கண்ணாடிக் கதவோரம் ஒரு பறவை கண் சொருகிக் கிடந்தது. மைனாவைவிடச் சிறிசு. பச்சை முதுகு, குண்டு உடம்பு, வால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. வாயைத் திறந்து தண்ணீர் விட்டேன். கொஞ்ச நேரத்தில் செத்துப்போனது. என்ன பறவை அது? நான் செய்தது தப்பா?
— வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: ஆறுமணிக்குருவி. கண்ணை மறைத்துக் கறுப்புப் பட்டை, அதன் மேல் வெள்ளைப் புருவம், வெள்ளைத் தொண்டை, இறக்கையில் மின்னும் நீலம், வாலடியில் குங்குமச் சிவப்பு இருந்திருக்குமே? இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் தென்மேற்குப் பருவமழையின்போது குஞ்சு பொரித்துவிட்டு, அக்டோபர் வாக்கில் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது. பயணம் இரவில்தான். நகரத்து விளக்குகளில் திசை தடுமாறி, விடியும்போது இருட்டான ஒரு மூலை தேடி இறங்கும். கண்ணாடியில் தெரியும் குரோட்டன்ஸ் செடி நிழலை நிஜத் தோட்டம் என்று நம்பி மோதும்.

தண்ணீர் ஊட்டியது தவறுதான். பறவைக்கு மூச்சுக்குழலின் வாய் நாக்கின் அடியிலேயே இருக்கிறது. அரைமயக்கத்தில் விழுங்க முடியாது, சொட்டு நேராக நுரையீரலுக்குப் போய்விடும். ஆனால் மோதிய வேகத்தில் மூளைக்குள் ரத்தம் கசிந்தும் செத்திருக்கலாம். பழியை முழுக்க நீங்கள் சுமக்க வேண்டாம்.

அடுத்த முறை ஒரு செருப்புப் பெட்டி போதும். பென்சில் கனத்துக்கு ஏழெட்டு ஓட்டை போட்டு, அடியில் பழைய வேட்டித்துணி விரியுங்கள். பூத்துவாலை ஆகாது, நூல் வளையத்தில் நகம் மாட்டும். பறவையை உள்ளே விட்டு மூடி, பூனையும் ஃபேனும் இல்லாத அறையில் வையுங்கள். இருட்டுதான் மருந்து. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்தால் அது பயத்திலேயே போய்விடும். ஒரு மணி நேரம் கழித்து மரத்தடிக்குக் கொண்டுபோய்த் திறங்கள். தெம்பு இருந்தால் தானே பறக்கும். இரண்டு மூன்று மணி நேரமாகியும் எழவில்லை, இறக்கை தொங்குகிறது என்றால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். பூனை கவ்வியதாக இருந்தால் காத்திருக்கவே கூடாது. காயம் ஊசிமுனை அளவே இருந்தாலும் எச்சில் கிருமி கொல்லும், கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டும். சோறு, பால், ரொட்டி எதுவும் வேண்டாம், அது பூச்சி தின்னி. அழகாக இருக்கிறதே என்று கூண்டில் வைத்தால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

கண்ணாடியில் ஒற்றைப் பருந்து ஸ்டிக்கர் ஒட்டிப் பயனில்லை, அதைத் தாண்டி மோதும். வெளிப்பக்கத்தில், கோலப்புள்ளி மாதிரி, இரண்டு அங்குல இடைவெளியில் கண்ணாடி முழுக்க வெள்ளைப் பெயின்ட் புள்ளி வையுங்கள். உள்பக்கம் வைத்தால் பிரதிபலிப்பு அப்படியேதான் இருக்கும்.

கேள்வி: இதைப் பிட்டா என்கிறார்களே, அது என்ன பாஷை? இது பாடும் பறவை வகையா?
— கல்லூரி மாணவர், வில்லியனூர்

பதில்: தெலுங்கு. ‘பிட்ட’ என்றால் சின்னப் பறவை. பாடும் பறவைகளோடு ஒரே வரிசையில்தான் வைத்திருக்கிறார்கள், ஆனால் பாடும் கிளை வேறு, இதன் கிளை வேறு. காலையும் மாலையும் கழுத்தை அண்ணாந்து இரண்டு சுர விசில் அடிக்கும், அவ்வளவுதான் கச்சேரி. ஆறுமணிக்குருவி என்ற பெயர் வந்ததும் அந்த நேரக் கணக்கால்தான்.

கேள்வி: எங்கள் முந்திரித் தோப்பில் கார்த்திகை, மார்கழியில் தினமும் இதன் விசில் கேட்கும். இரண்டு வருஷமாக இல்லை. ஒரு மரம்கூட வெட்டவில்லை.
— வாசகர், பண்ருட்டி வட்டம், கடலூர் மாவட்டம்

பதில்: மரத்தை விடுங்கள், தரையைப் பாருங்கள். கொட்டை பொறுக்க வசதியாக மாசி, பங்குனியில் செய்யும் வேலையை இப்போது ஐப்பசியிலேயே செய்கிறீர்களா? சருகைக் கூட்டிக் கொளுத்திவிட்டால் இதற்குச் சாப்பாடு கிடையாது. இரண்டு தத்து, ஒரு நிறுத்தம், தலையைச் சாய்த்து ஒரு பார்வை, அலகால் ஓர் இலையைப் புரட்டு. அடியில் மண்புழு, வண்டு, எறும்பு. பகல் முழுக்க இதே வேலை. ராத்திரிக்கு மட்டும் கிளையேறும்.

தோப்பு முழுக்கச் சருகை விடச் சொல்லவில்லை. வேலியோரம் நிழலான பக்கமாக ஒரு துண்டில் மூன்று நான்கு அங்குலக் கனத்துக்குச் சருகு கிடக்கட்டும், மேலே காரையும் களாவும் புதராக இருக்கட்டும். வெயில் விழும் இடத்தில் எவ்வளவு சருகு கொட்டினாலும் வீண், மண் காய்ந்து புழு கீழே போய்விடும். 2011 தானே புயலில் விழுந்த தோப்பில் புதிதாகக் கன்று வைத்தவர்களுக்கு, கிளைகள் கூடும்வரை இந்தச் சிக்கல் உண்டு. முந்திரியைத் தாக்கும் தேயிலைக் கொசு என்ற பூச்சிக்கு மருந்து அடிக்கும்போது அந்தத் துண்டை விட்டுவிடுங்கள். புதுச்சேரி பக்கம் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டுக்குள் போனால், கூட்டாத தரை எப்படி இருக்கும் என்று காலுக்கே தெரியும்.

கேள்வி: மே மாதம் கோத்தகிரி போகிறோம். அங்கே தரையிலேயே திரியும் நீலக் குருவி உண்டாமே, இதற்குச் சொந்தமா?
— வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: சொந்தமில்லை, ஒரே தொழில். அது நீலகிரி சோலைக்கிளி. மலையாளத்தில் ‘கிளி’ என்றால் பொதுவாகப் பறவை, நம்மூர்ப் பச்சைக்கிளியைத் தேடாதீர்கள். தலையும் மார்பும் கருநீலம், வயிறு செம்பழுப்பு, குச்சிபோல் நீண்ட கால். பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே, கொடைக்கானல் பக்கம், வயிறு வெளுத்த இன்னோர் இனம். நடுவில் இருப்பது ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் வெப்பச் சமவெளிதான், ஆனால் சோலை எனும் குளிர்ந்த மலைக்காட்டின் இருட்டில் பழகியது அதைத் தாண்டாது. பிரிந்து பல லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. இவற்றை வேறெந்தப் பேரினத்திலும் அடக்க முடியாது என்று 2017இல் தனிப் பேரினமாகவே பிரித்தார்கள். ஆறுமணிக்குருவி நாட்டின் நீளத்தையே பறந்து கடக்கிறது, இது பக்கத்து மலைக்குப் போவதில்லை. அதனால்தான் சோலை தேயிலைத் தோட்டமாகவும் சீகை (வாட்டில்) மரத் தோப்பாகவும் மாறும் இடத்தில் இதற்குப் போக்கிடம் இல்லாமல் போகிறது.

லாங்வுட் சோலையில் விடிந்ததும் போங்கள், வெயில் ஏறினால் புதருக்குள் போய்விடும். அட்டைக்கு முழங்கால்வரை காலுறை வேண்டும். பாதையில் நடக்காமல் பத்து நிமிஷம் நின்றால் அதுவே தத்தி வெளியே வரும். செல்போனில் அதன் பாட்டைப் போட்டு அழைக்காதீர்கள். ஏப்ரல் முதல் ஜூன்வரை அடைகாக்கும் காலம், எதிரி வந்தது என்று கூட்டை விட்டு ஓடி வரும். பாசியும் வேர்நாரும் வைத்த கூடு, மரப்பொந்தில் மட்டுமல்ல, பாதையோர மண்சரிவுப் பொந்திலும் இருக்கும். வழக்கமாக இரண்டே முட்டை. படம் எடுக்க அந்தச் சரிவில் சாயவோ ஏறவோ வேண்டாம்.