வேலி தாண்டி விழுந்த மானை எடுக்கலாமா?

டெக்சாஸில் நீங்கள் சுட்ட மான் வேலியைத் தாண்டிப் போய்ப் பக்கத்து நிலத்தில் விழுந்துவிட்டது, கண்ணுக்கெதிரே கிடக்கிறது, உரிமையாளர் போனை எடுக்கவில்லை, போய் இழுத்து வந்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். தயவுசெய்து போகாதீர்கள். சட்டப்படி சுட்ட மானாகவே இருந்தாலும் அடுத்தவர் நிலத்துக்குள் போகும் உரிமையை அது தராது. மினசோட்டா மாநிலத்தில் நுழையத் தடை என்ற பலகை இல்லாத நிலமென்றால் காயம்பட்ட விலங்கை எடுக்க நடந்து போய் வர இடமுண்டு, அதை வைத்து இங்கே கணக்குப் போடாதீர்கள். இங்கே மரத்திலோ கம்பத்திலோ ஊதா வண்ணக் கோடு இருந்தாலே பலகை வைத்ததற்குச் சமம். துப்பாக்கியோடு நுழைந்தால் குற்றம் இன்னும் பெரிதாகும்.

மான் கிடக்கும் இடத்தைப் படம் எடுத்து வையுங்கள், உரிமையாளருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள், அப்படியும் பதில் இல்லையென்றால் அந்தப் பகுதி கேம் வார்டனை, அதாவது வேட்டைச் சட்டங்களைக் கவனிக்கும் அரசு அதிகாரியைக் கூப்பிடுங்கள். அவர் உரிமையாளரைத் தொடர்புகொள்ள உதவலாம், ஆனால் சம்மதிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. வெயிலில் கறி கெட்டுவிடுமே என்ற பதைப்பு புரிகிறது, எனக்கும் ஒரு மான் அப்படியே போனது, இன்றும் மனசு கேட்கவில்லை.

அனுமதி கிடைத்தால் துப்பாக்கியை வண்டியிலேயே விட்டுவிட்டு உரிமையாளர் சொன்ன வழியில் போங்கள், கேட் எப்படி இருந்ததோ அப்படியே விடுங்கள், குடலை அங்கே கொட்டாதீர்கள், கொஞ்சம் கறி கொடுத்துவிட்டு வாருங்கள். அப்புறம், நீங்கள் பதுங்கியிருந்து சுடும் மறைவிடத்தை வேலியிலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள். குண்டு எல்லை தாண்டிப் போனால் அது தனிக் குற்றம்.