கரையோரக் கேள்வி–பதில்: வாசல் தெரியும், கப்பல் தெரியாது

(பதில் சொல்பவர் இந்தியக் கடற்படையின் வானொலிப் பிரிவில் பதினைந்து ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.)

ஆந்திராவில் ராம்பில்லி அருகே நீர்மூழ்கிகளுக்கென்று தனித் தளம் கட்டுகிறார்களாம். ஐம்பது கிலோமீட்டரில் விசாகப்பட்டினம் இருக்கும்போது இன்னொன்று எதற்கு?
– பள்ளி ஆசிரியை, கோவில்பட்டி

நம் வீட்டு விஷயம் வேண்டாம் டீச்சர். வாங்கிய சம்பளமும் எடுத்த உறுதிமொழியும் இன்னும் என்னை விடவில்லை. ஊரறிந்த வேறொரு வீட்டை வைத்துச் சொல்கிறேன். ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோவிலிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டரில் ஃபாஸ்லேன் இருக்கிறது. பிரிட்டனின் அணு ஏவுகணை நீர்மூழ்கிகள் நான்குக்கும் அதுதான் தாய்வீடு. என் மகள் அந்தப் பக்கம் வேலையில் இருந்தபோது இரண்டு முறை போய் வந்தேன்.

மற்றப் போர்க்கப்பல்களுக்குத் துறைமுகம் பாதுகாப்பான இடம். இந்த வகை நீர்மூழ்கிக்கோ அதைவிட ஆபத்தான இடம் வேறில்லை. 150 மீட்டர் நீளமும், நீருக்குள் ஏறக்குறைய 16,000 டன் எடையும் கொண்ட உடம்பு கப்பல்துறை மேடையில் கட்டிக் கிடந்தால் செயற்கைக்கோள் எண்ணிவிடும். சரக்குக் கப்பலும் மீன்பிடி விசைப்படகும் நெரிசலாகப் போய்வரும் துறைமுகமானால், அது கிளம்பிய நேரம் டீக்கடை வரைக்கும் தெரிந்துவிடும். ஆகவே கூட்டம் இல்லாத, கரையோரமே ஆழமான, வெளியே வந்தவுடன் பெருங்கடல் கிடைக்கிற இடமாகத் தேடுகிறார்கள். ஃபாஸ்லேன் இருப்பது கேர் லாக்கின் கரையில். மலைகளுக்கு நடுவே கடல் விரல் நீட்டியது போன்ற நீர்நிலையை அங்கே லாக் என்கிறார்கள். ரூ என்ற இடத்தில் அதன் வாய் குறுகிவிடுகிறது. அந்த இடுக்கை நீருக்கு மேலே மிதந்துதான் கடக்க முடியும். கரையில் நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பவர்களும் பார்க்கலாம். அதைத் தாண்டி, கிளைட் முகத்துவாரத்தையும் தாண்டி ஆழம் கிடைத்ததும் முழுகினால், திரும்பி வரும்வரை அது எங்கே என்று அரசாங்கத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவர்களுக்குத்தான் தெரியும்.

அங்கே இன்னும் சில வசதிகளும் உண்டு. முழு நீர்மூழ்கியையும் தண்ணீரிலிருந்து அப்படியே மேலே தூக்கிவிடும் ராட்சதத் தூக்கிமேடை இருக்கிறது. அதற்கு மேல் கூரையும் போட்டிருக்கிறார்கள். அருகில் இன்னொரு லாக்கில் நீர்மூழ்கி எவ்வளவு சத்தம் போடுகிறது என்று அளக்கிறார்கள். ஒரு பம்பு கொஞ்சம் அதிகமாக முனகினாலும் கண்டுபிடித்துவிடுவார்களாம். அந்த இடத்தின் பெயர் லாக் கோயில். சத்தியமாக நான் வைத்த பெயர் இல்லை.

தளத்தையே எதிரி அடித்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடாதா?
– கல்லூரி மாணவர், தூத்துக்குடி

முடியாது, தம்பி. 1969 ஏப்ரல் முதல் பிரிட்டனின் ஒரு நீர்மூழ்கியாவது எப்போதும் கடலுக்குள் இருந்துகொண்டே இருக்கிறது. தளம் சாம்பலானாலும் அந்த ஒன்று பதிலடி கொடுக்கும் என்ற பயம்தான் இங்கே ஆயுதம்.

அந்த ஒன்றுக்கு ஏன் நான்கு வேண்டும் என்று கேட்பாய். மாடு வைத்திருப்பவரைக் கேள். தொழுவத்தில் நான்கு நின்றாலும் கறப்பது ஒன்றோ இரண்டோதான். ஒன்று சினை, ஒன்று வற்றியது. இங்கேயும் ஒன்று கடலில் இருக்கும். ஒன்று இப்போதுதான் திரும்பியிருக்கும். ஒன்று புறப்படத் தயாராகும். ஒன்று பெரிய பழுதுவேலையில் கிடக்கும். அந்தப் பெரிய வேலை ஃபாஸ்லேனில் நடப்பதில்லை. இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள டெவன்போர்ட்டுக்குப் போக வேண்டும். நான்கில் ஒன்றான ‘வேன்கார்ட்’ 2015இல் அங்கே போய் 2023இல்தான் வெளியே வந்தது. வற்றிய மாடு இத்தனை வருடம் நின்றால் மற்றதைத்தான் கூடுதலாகக் கறக்க வேண்டும். முன்பு மூன்று மாதமாக இருந்த ரோந்து, இப்போது ஐந்து மாதத்தையும் தாண்டிப் போகிறது.

குண்டுகளையும் அதே தளத்தில்தான் வைத்திருப்பார்களா?
– வாசகர், திண்டுக்கல்

இல்லை. மலைக்கு அந்தப் பக்கம், லாக் லாங் கரையில் உள்ள கூல்போர்ட்டில். ஏவுகணை அமெரிக்கச் சரக்கு. ஜார்ஜியா மாநிலத்தின் கிங்ஸ் பே தளத்துக்குப் போய் ஏற்றி வருகிறார்கள். அணுகுண்டுப் பகுதி பிரிட்டனில் செய்தது. அது இங்கிலாந்தின் தெற்கிலிருந்து லாரிகளில், ஆம், பொதுச் சாலையிலேயே, காவலோடு வருகிறது.

கணவர் மூன்று, நான்கு மாதம் கடலுக்கடியில் இருக்கும்போது வீட்டில் ஒரு சாவு விழுந்தால் என்ன செய்வார்கள்?
– இல்லத்தரசி, நாகர்கோவில்

அம்மா, இத்தனை கடிதங்களில் உங்களுடையதைத்தான் நான் இரண்டு நாள் கையில் வைத்திருந்தேன்.

வீட்டிலிருந்து வாரத்துக்கு ஒரு சிறு செய்தி அனுப்பலாம். இத்தனை சொல் என்று கணக்கு உண்டு, தந்தி போலத்தான். கரையில் ஒருவர் படித்துப் பார்த்த பிறகே அது போகும். உள்ளே இருப்பவர் பதில் அனுப்ப முடியாது. ஒரு சொல் வெளியே வந்தாலும் இருக்குமிடம் தெரிந்துவிடும். கெட்ட செய்தியானால், பயணம் முடியும்வரை அவரிடம் சொல்லாமல் வைத்திருப்பதே வழக்கமாக இருந்து வந்திருக்கிறது. சொன்னாலும் கப்பல் திரும்பப் போவதில்லை. அவர் என்னதான் செய்வார் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் உண்டு. ஆனால் இதே கையால் மற்றவர் வீட்டுச் செய்திகளை வாங்கி எழுதியவன் நான். செய்தி தெரிந்தவன் ஒருவன், தெரியாதவன் எதிரே உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த வேலை எனக்கு வாய்க்காததற்குக் கும்பிடு போட்டுக்கொள்கிறேன்.

விஜயநாராயணத்தில் நிற்கும் உயரமான கம்பங்களுக்கும் நீர்மூழ்கிக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே?
– விவசாயி, நாங்குநேரி

இதுவும் நம் வீட்டு விஷயம்தான் அண்ணாச்சி. ஆனால் உங்கள் வயலிலிருந்தே தெரிகிற கம்பத்தை நான் மறைத்து என்ன ஆகப்போகிறது? 1990இல் தொடங்கிய கடற்படை நிலையம் அது, ‘ஐ.என்.எஸ். கட்டபொம்மன்’ என்று பெயர். சாதாரண வானொலி அலை கடல்நீரில் இறங்காது, உப்புநீர் விழுங்கிவிடும். மிகக் குறைந்த அதிர்வெண் கொண்ட அலை மட்டும் சில மீட்டர் இறங்கும். அந்த அலையின் நீளம் பல கிலோமீட்டர். அதனால்தான் கம்பமும் அந்த உயரம். பேச்சு போகாது, எழுத்து மட்டும் மெதுவாகப் போகும். ஒருவழிப் பாதை: கரை சொல்லும், கடல் கேட்கும்.

கூடங்குளத்தில் போல ஃபாஸ்லேனில் எதிர்ப்பு கிடையாதா?
– வாசகர், ராதாபுரம்

உண்டு. 1982இலிருந்து தளத்தின் அருகிலேயே வண்ணம் பூசிய வண்டிவீடுகளில் குடியிருந்து எதிர்க்கிறார்கள். ஸ்காட்லாந்து பிரிந்தால் இந்தத் தளம் எங்கே போகும் என்பது 2014 வாக்கெடுப்பில் பெரிய கேள்வியாக இருந்தது. அதே தளத்தை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களும் ஆயிரக்கணக்கில். இரண்டு பேரும் ஒரே கடையில்தான் பால் வாங்குவார்கள் என்று நினைக்கிறேன்.

அங்கே நீர்மூழ்கியைக் கண்ணால் பார்த்தீர்களா? உண்மையைச் சொல்லவும்.
– வாசகர், மதுரை

ஒன்றுகூடப் பார்க்கவில்லை. கிளாஸ்கோவிலிருந்து வடக்கே போகும் ரயில் தளத்துக்கு மேலே மலைச்சரிவில் ஓடுகிறது. ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு காத்திருந்தேன். மரங்களுக்கு நடுவே சில விநாடிகள் சாம்பல் நிறக் கொட்டகைகள், ஒரு வேலி. மழை வேறு. மகள் சிரித்தாள்.

இரண்டாம் முறை ஃபாஸ்லேன் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அங்கே ‘கே13’ என்ற நீர்மூழ்கியில் இறந்தவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது. 1917 ஜனவரி 29 அன்று, அதே கேர் லாக்கில், வெள்ளோட்டத்தின்போது முழுகியது. நீராவியில் ஓடும் நீர்மூழ்கி அது. கொதிகலனுக்குக் காற்று வாங்கும் துளைகளை மூடாமலே முழுகிவிட்டார்கள். உள்ளே இருந்த 80 பேரில் 32 பேர் இறந்தார்கள். மற்றவர்களை வெளியே எடுக்க இரண்டு நாளுக்கு மேல் ஆயிற்று. பிறகு கப்பலையும் தூக்கி, பழுது பார்த்து, ராசியில்லாத எண் என்றோ என்னவோ, ‘கே22’ என்று பெயரை மாற்றி அனுப்பினார்கள். மறு ஜனவரியிலேயே அது ‘கே14’ மீது போய் மோதியது.