நான்கு நெடுவரிசை முகவரியை ஒன்றாக்க எந்த ஃபார்முலா?

கேள்வி: எக்செலில் கதவு எண், தெரு, ஊர், அஞ்சல் குறியீடு எல்லாம் ஏ முதல் டி வரை தனித்தனியாக இருக்கின்றன. ஒரே நெடுவரிசையாக்க ‘மெர்ஜ்’ பட்டனை அழுத்தினால் முதல் செல்லில் இருப்பது மட்டும்தான் மிஞ்சுகிறது. என்ன செய்வது?

பதில்: அந்தப் பட்டன் கட்டங்களைத்தான் இணைக்கும், இடது ஓரத்தில் இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடும். உங்களுக்குத் தேவை ஃபார்முலாதான்.

பலரும் முதலில் எழுதுவது =ஏ2&", "&பி2&", "&சி2&", "&டி2 என்பது. எல்லா செல்லும் நிரம்பியிருந்தால் சரி. தெரு காலியாக இருக்கும் வரிசையில் மட்டும் இரண்டு காற்புள்ளிகள் அடுத்தடுத்து வந்து நிற்கும். அதனால் நான் சொல்வது இது:

=டெக்ஸ்ட்ஜாயின்(", ", ட்ரூ, ஏ2:டி2)

எக்செலில் தட்டும்போது எழுத்துகளை ஆங்கிலத்தில் போடுங்கள். நடுவில் உள்ள ‘ட்ரூ’தான் காலி செல்லைத் தாண்டிப் போகச் சொல்வது. எக்செல் 2019-க்கு முந்தைய பதிப்புகளில் இந்த வசதி இல்லை. கூகுள் ஷீட்ஸில் உண்டு. இவ்வளவு செய்தும் இரட்டைக் காற்புள்ளி வந்தால், காலி என்று நினைத்த செல்லில் யாரோ ஸ்பேஸ் தட்டியிருக்கிறார்கள். அதை டெலீட் செய்தால் போதும்.

முகவரியில் உண்மையான தொல்லை எண்களால்தான். ஃபார்முலா எடுப்பது கண்ணுக்குத் தெரிவதை அல்ல, செல்லுக்குள் இருப்பதை. 00501 என்ற குறியீடு வெறும் ஃபார்மட்டால் அப்படித் தெரிந்தால், சேர்த்தபின் 501 என்றே வரும். ஏ2:டி2-க்குப் பதில் ஏ2:சி2, டெக்ஸ்ட்(டி2,"00000") என்று கொடுங்கள். குறியீடே இல்லாத வரிசையில் இது ஐந்து பூஜ்ஜியம் போட்டுவிடும், கவனம். அப்புறம், 5/12 என்ற கதவு எண்ணை எக்செல் தேதியாக எடுத்துக்கொண்டிருந்தால், சேர்த்த முகவரி ஏதோ ஐந்து இலக்க எண்ணில் தொடங்கும். அந்த நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ ஃபார்மட்டுக்கு மாற்றிவிட்டு, கெட்டுப்போன எண்களை மறுபடி தட்டுவதே நல்லது.

ஒருவேளை பக்கவாட்டில் சேர்க்காமல், ஒரு பட்டியலுக்குக் கீழே இன்னொன்றை அடுக்கத்தான் கேட்டிருந்தால் ஃபார்முலா வேறு: =டோகால்(ஏ2:டி100, 1, ட்ரூ). ஆங்கிலத்தில் TOCOL என்று தட்டுங்கள். எக்செல் 365-இல் இருக்கிறது.

எல்லாம் முடிந்ததும் பழைய நெடுவரிசைகளை உடனே நீக்காதீர்கள். ஃபார்முலா முழுக்கப் பிழை காட்டும். புதிய நெடுவரிசையை காப்பி செய்து, அதே இடத்தில் ‘பேஸ்ட் வேல்யூஸ்’ கொடுத்த பிறகு நீக்குங்கள்.