அப்பாவின் கமடோர் 64: பழசை எழுப்பலாமா, புதுசு வாங்கலாமா?

கேள்வி: அப்பா கப்பலில் வேலை பார்த்தவர். 1986-ல் சிங்கப்பூரிலிருந்து ஒரு கமடோர் 64 ஹோம் கம்ப்யூட்டர் வாங்கி வந்தார். ராயபுரம் வீட்டுப் பரணில் பல வருஷமாகக் கிடக்கிறது. இப்போது அதே பெயரில் புது மெஷின் வந்திருக்கிறதாம். எதற்குச் செலவு செய்யலாம்? புரோகிராம்களும் விளையாட்டுகளும் பதிந்த அப்பாவின் கேசட்டுகள் புதுசில் ஓடுமா?

பதில்: முதல் வேலையாக, அந்தப் பழைய பவர் சப்ளையைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். பிளக்கில் செருகவே வேண்டாம். அதற்குள் வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் வயதாகிப் போனால், 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் அதற்கு மேல் வரும். மெஷினின் நினைவகமான ரேம் சிப்புகள்தான் முதல் பலி. மல்டிமீட்டர் சரியாகக் காட்டினாலும் நம்பாதீர்கள். சூடேறிய பிறகு வோல்டேஜ் ஏறுவதுண்டு. பெரும்பாலான பெட்டிகளுக்குள் எபாக்ஸி ஊற்றியிருப்பதால் பிரித்துப் பழுது பார்க்கவும் முடியாது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் 9 வோல்ட் ஏசி, 1 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று, 5 வோல்ட் டிசி தரும் 3 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை ஒன்று வாங்கி, விஷயம் தெரிந்த ஒருவரிடம் ஃப்யூஸோடு சேர்த்துக் கட்டித் தரச் சொல்லுங்கள். அந்த 9 வோல்ட் ஏசியாகவே இருக்க வேண்டும். டிசி அடாப்டர் உதவாது.

ஆனால் மெஷினைவிட எனக்குக் கவலை கேசட்டுகள் மேல்தான். கடையில் வாங்கிய விளையாட்டு என்றால் போகட்டும், வேறெங்காவது கிடைக்கும். அப்பா பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியில் தன் கையால் தட்டிச் சேமித்த புரோகிராம் உலகத்திலேயே அந்த ஒரு டேப்பில்தான் இருக்கிறது. கேசட்டை வெளிச்சத்தில் பிடித்து, நடுவில் உள்ள கண்ணாடி வழியாக டேப் சுருளின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளையாக மாவு தூவியது போல் இருந்தால் அது பூஞ்சை. நம் பக்கத்துக் கடற்காற்றின் ஈரத்துக்கு இது சகஜம். அதை ஓட்டாதீர்கள். தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டில் நான் அவசரப்பட்டு அப்படி ஒன்றை ஓட்டினேன். டேப்பைப் படிக்கும் ஹெட்டில் பூஞ்சை அப்பிக்கொண்டது. அடுத்துப் போட்ட நல்ல டேப்பும் கெட்டது. அதில் என் மாமாவின் குரல் இருந்தது.

சுத்தமாக இருக்கும் டேப்பை, ஹெட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்த நல்ல டெக்கில் போட்டு, கம்ப்யூட்டரின் லைன்-இன் வழியாக வேவ் ஃபைலாகப் பதிவு செய்யுங்கள். எம்பி3 வேண்டாம், இரைச்சல் நீக்கும் வசதியும் வேண்டாம். இரண்டுமே தரவைச் சிதைக்கும். அந்த ஃபைலை எமுலேட்டர் படிக்கும் டேப் (.tap) ஃபைலாக மாற்ற இலவச மென்பொருள்கள் உண்டு. மாற்றியதும், பழைய மெஷினைப் போலவே நடந்துகொள்ளும் வைஸ் என்ற எமுலேட்டர் மென்பொருளில் ஓட்டிப் பார்க்கலாம். அதுவும் இலவசம்தான். இதுவரை நீங்கள் பெரிதாக எதுவும் செலவழிக்கவில்லை.

சரி, புது மெஷினுக்கு வருவோம். கமடோர் 64 வெளிவந்தது 1982-ல், விலை 595 டாலர். கம்பெனி 1994-ல் திவாலானது. பிறகு பெயர் மட்டும் கை மாறிக் கை மாறிப் போய், 2025-ல் கிறிஸ்டியன் சிம்ப்சன் தலைமையிலான குழு அதை வாங்கி, கமடோர் 64 அல்டிமேட் என்ற மெஷினை அறிவித்தது. அப்போது ஆரம்ப விலை 299.99 டாலர். கப்பல் கூலியும் சுங்கமும் தனி.

பெயரை மட்டும் ஒட்டி விற்கும் பொருள் இல்லை இது. எமுலேட்டர் பழைய மெஷினை மென்பொருளால் மிமிக்ரி செய்கிறது. இதிலோ எஃப்பிஜிஏ என்ற சிப்புக்குள் அந்தப் பழைய சிப்புகளின் சர்க்யூட்டையே மறுபடி கட்டியிருக்கிறார்கள். ஹெச்டிஎம்ஐ, வைஃபை எல்லாம் இருக்கிறது. கூடவே கார்ட்ரிட்ஜ் துளை, கேசட் போர்ட் என்று பழைய வாய்களும் இருக்கின்றன. ஆகவே அப்பாவின் கேசட் டிரைவ் நல்ல நிலையில் இருந்தால் டேப்புகளை நேராகவே ஓட்டலாம். பழைய மெஷினின் ஒலிச் சிப்பான சிட்டைக்கூடப் புதுசில் பொருத்த இடமுண்டு. மேலே அச்சிட்ட எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்: 6581-க்கு 12 வோல்ட், 8580-க்கு 9 வோல்ட். மாற்றிக் கொடுத்தால் சிப் போய்விடும். 2019-ல் வேறொரு நிறுவனம் கொண்டுவந்த தி சி64-ம் பார்க்க அச்சு அசல் அப்படியே இருக்கும். ஆனால் அது எமுலேட்டர். கேசட் போர்ட் கிடையாது. குறைந்த விலையைப் பார்த்து அதை வாங்கிவிடாதீர்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் கேசட்டைக் காப்பாற்றிய கையோடு பழைய மெஷினைத் திறப்பேன். உப்புக்காற்றில் சாக்கெட்டுகளில் பச்சை பிடித்திருக்கும். ஆல்கஹாலும் மெல்லிய பிரஷும் போதும். அப்புறம் புது பவர் சப்ளையைக் கொடுத்துப் பார்ப்பேன். நீலத்திரையில் "38911 பேசிக் பைட்ஸ் ஃப்ரீ" என்ற வரி வந்துவிட்டால் புதுசுக்குச் செலவே வேண்டாம். திரை கறுப்பாகவே இருந்தால் சில நொடிகளில் அணைத்துவிட்டு, ரேம் சிப்புகளை ஒவ்வொன்றாக விரலால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். பழைய பலகையில் எட்டு இருக்கும். மற்றவை சாதாரணமாக இருக்க ஒன்று மட்டும் கொதித்தால், பெரும்பாலும் மாற்ற வேண்டியது அதுதான்.