பொருளாதார மன்றத்தில் மாணவர்கள் ஆர்வமாகக் கலந்துகொள்ள என்ன நடத்தலாம்?

சொற்பொழிவுக்கும் வினாடி வினாவுக்கும் யாரும் வருவதில்லை, வேறு என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் விளையாட விடுங்கள், கோட்பாட்டின் பெயரை அப்புறம் சொல்லுங்கள். பெயரை முன்னாடியே சொல்லிவிட்டால் எல்லோரும் 'சரியான' விடையைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள், ஆட்டம் செத்துவிடும்.

முதல் கூட்டத்துக்கு நான் சொல்வது சந்தை விளையாட்டு. 16 பேர் போதும். 8 பேர் வாங்குபவர்கள். அவர்கள் அட்டைகளில் 80, 75, 70 என்று 45 வரை எழுதுங்கள், அதற்கு மேல் கொடுத்து வாங்கக்கூடாது. மற்ற 8 பேர் விற்பவர்கள். அவர்களுக்கு 30, 35, 40 என்று 65 வரை, அதற்குக் கீழே விற்கக்கூடாது. அட்டை ரகசியம். ஆளுக்கு ஒரு சரக்குதான், ஐந்து நிமிடம் பேரம் பேசலாம், பேரம் படிந்ததும் விலையைச் சத்தமாகச் சொல்லிக் கரும்பலகையில் எழுத வேண்டும். முதல் சுற்றில் விலை தாறுமாறாக இருக்கும். அதே அட்டைகளோடு மூன்று நான்கு சுற்று ஓட்டினால், யாரும் சொல்லாமலே விலை பெரும்பாலும் 55க்குப் பக்கத்தில் வந்து சேரும். அதன் பிறகு அட்டைகளைத் திறந்து தேவைக் கோடும் (எந்த விலைக்கு எத்தனை பேர் வாங்குவார்கள்) அளிப்புக் கோடும் (எந்த விலைக்கு எத்தனை பேர் விற்பார்கள்) வரைந்து காட்டுங்கள், இரண்டும் வெட்டிக்கொள்வதும் 55இல்தான். அடுத்த சுற்றில் '45க்கு மேல் விற்கத் தடை' என்று அறிவியுங்கள்: வாங்க 8 பேரும் நிற்பார்கள், விற்க நாலு பேருக்கு மேல் வரமாட்டார்கள், அதிலும் ஒருவருக்கு லாபமே கிடையாது. விலை உச்சவரம்பு வந்தால் ஏன் தட்டுப்பாடு வருகிறது என்பதை இதைவிடத் தெளிவாகப் புரியவைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

விலையைச் சத்தமாகச் சொல்வதையும் ஒரே அட்டைகளோடு திரும்பத் திரும்ப ஆடுவதையும் மட்டும் விட்டுவிடாதீர்கள். ஹார்வர்டில் பொருளாதாரப் பேராசிரியர் எட்வர்ட் சேம்பர்லின் இதை ஒரே சுற்றாக, ஆங்காங்கே தனித்தனிப் பேரமாக நடத்தி, விலை சமநிலைக்கு, அதாவது இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்துக்கு, வரவில்லை என்று 1948இல் எழுதினார். அவர் வகுப்பில் மாணவராக இதை ஆடிய வெர்னன் ஸ்மித், பிற்பாடு பொது ஏலம் மாதிரி பல சுற்றுகளாக மாற்றி நடத்தினார், விலை வந்து சேர்ந்தது. 2002இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததே இந்த மாதிரி சோதனை ஆய்வுகளுக்காகத்தான்.

பத்து நிமிடம்தான் இருக்கிறதென்றால் எண் விளையாட்டு. ஆளுக்கு 0 முதல் 100க்குள் ஒரு எண் எழுதட்டும், எல்லா எண்களின் சராசரியில் மூன்றில் இரண்டு பங்குக்கு யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவருக்கு வெற்றி. மூன்றில் இரண்டு பங்கு, அதிலும் மூன்றில் இரண்டு பங்கு என்று எல்லோரும் கடைசிவரை யோசித்தால் விடை 0தான், ஆனால் முதல் சுற்றிலேயே 0 எழுதுகிறவர் அநேகமாகத் தோற்றுப்போவார்; மற்றவர்கள் எவ்வளவு தூரம் யோசிப்பார்கள் என்று கணிப்பதில்தான் சுவாரசியமே இருக்கிறது.

மீன்பிடி விளையாட்டும் அருமையானது. நாலு பேர் நடுவில் 40 பொத்தான்களை வையுங்கள், அவைதான் மீன்கள். சுற்றுக்குச் சுற்று வேண்டிய அளவு எடுக்கலாம், மிஞ்சியது இரட்டிப்பாகும், ஆனால் 40ஐத் தாண்டாது. ஆளுக்கு 5 எடுத்தால் காலத்துக்கும் எடுத்துக்கொண்டே இருக்கலாம். பேசக்கூடாது என்றால் பல குழுக்களில் குளம் சீக்கிரமே காலியாகிவிடும். அடுத்த ஆட்டத்தில் பேசி விதி வகுத்துக்கொள்ளவும் மீறுபவருக்கு அபராதம் போடவும் அனுமதியுங்கள், வித்தியாசத்தை அவர்களே பார்ப்பார்கள். 2009இல் நோபல் பெற்ற எலினோர் ஒஸ்ட்ரம் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த விஷயம் இது.

பங்குச்சந்தைப் போட்டியை மட்டும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஒரு மாதத்தில் ஜெயிப்பது பெரும்பாலும் அதிர்ஷ்டம், ஆனால் ஜெயித்தவர் தனக்கு எல்லாம் தெரியும் என்று நம்பிவிடுவார்.

எந்த ஆட்டமானாலும் காசு வேண்டாம், புள்ளிகள் போதும். முடிந்ததும் 'ஏன் அப்படி எடுத்தாய்?' என்று கேட்டுப் பேசவிட, ஆடிய அளவுக்கு நேரம் ஒதுக்குங்கள்.