வளரும் வயதில் முன்பல்லில் அடி: வாசகர் கேள்விகளுக்குப் பல் மருத்துவர் பதில்

கேள்வி: சென்னை வியாசர்பாடித் தெருவில் கால்பந்து ஆடும்போது விழுந்ததில், என் 8 வயது மகனின் மேல் முன்பல் பாதி உடைந்துவிட்டது. உடைந்த இடத்தில் சிவப்புப் புள்ளி தெரிகிறது. ரூட் கேனல் செய்துவிடச் சொல்கிறார்கள். செய்யலாமா டாக்டர்?

பதில்: அவசரப்பட்டுச் சம்மதிக்காதீர்கள் அம்மா. மேல் முன்பல் 7 அல்லது 8 வயதில் முளைத்தாலும், அதன் வேர் முழுமையடைய மேலும் ஏறத்தாழ 3 ஆண்டுகள் ஆகும். அதுவரை வேரின் நுனி திறந்தும் சுவர் மெலிந்தும் இருக்கும். அந்த வேரை வளர்ப்பது, நரம்பும் இரத்த நாளங்களும் அடங்கிய பற்கூழ்தான். நீங்கள் பார்த்த சிவப்புப் புள்ளி அதுவே. ரூட் கேனலில் அதை முழுவதும் எடுத்துவிட்டால் வேர் மெலிந்தபடியே நின்றுபோய், பின்னாளில் சிறு அடியிலும் பல் ஈறு ஓரத்தில் முறியக்கூடும். எனவே, மேலே காயம்பட்ட 2 மில்லிமீட்டர் அளவுக் கூழை மட்டும் அகற்றி, கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்தோ எம்.டி.ஏ. எனும் பல் சிமெண்டோ வைத்து அடைப்பதே முதலில் செய்ய வேண்டியது. ஸ்வீடனில் பல் மருத்துவர் மியோமிர் ஸ்வெக் 1978-இல் வெளியிட்ட ஆய்வில், இம்முறையில் சிகிச்சை பெற்ற 60 பற்களில் 96 விழுக்காடு குணமடைந்தன. உடைந்த துண்டு கிடைத்தால் தண்ணீரில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பெரும்பாலும் அதையே ஒட்டிவிடலாம்.

கேள்வி: காசிமேட்டில் என் அண்ணன் மகளுக்கு, 9 வயது, முன்பல் வேரோடு விழுந்துவிட்டது. கைக்குட்டையில் சுற்றி மறுநாள்தான் கொண்டுபோனோம். இப்படி நேர்ந்தால் உடனே என்ன செய்ய வேண்டும்?

பதில்: வேரின் மேலுள்ள உயிரணுக்கள், காய்ந்த நிலையில் ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் பிழைப்பதில்லை என்பதால், பல்லின் வெண்மையான பகுதியை மட்டும் பிடித்து, அழுக்கிருந்தால் பாலில் ஒருமுறை அலசி, தேய்க்காமல், அங்கேயே குழியில் பொருத்திவிட்டு ஒரு துணியைக் கடிக்கச் சொல்லுங்கள். குழந்தை ஒத்துழைக்காவிட்டால் பக்கத்து டீக்கடையில் குளிர்ந்த பால் வாங்கி அதில் பல்லைப் போட்டுக்கொண்டு, முத்துசாமி சாலையிலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கோ அருகிலுள்ள பல் மருத்துவரிடமோ விரையுங்கள். வாந்தியோ மயக்கமோ இருந்தால் முதலில் ஸ்டான்லி மருத்துவமனையின் அவசரப் பிரிவுதான். மருத்துவர் பல்லை மெல்லிய கம்பியால் பக்கத்துப் பற்களோடு 2 வாரம் பிணைத்து வைப்பார். விழுந்தது பால் பல் என்றால் திரும்பப் பொருத்தவே கூடாது. அடியிலுள்ள நிலைப்பல்லின் முளை சேதமாகும்.

கேள்வி: அடிபட்டு மூன்று மாதமாகிறது. என் பேரனுக்கு வலியே இல்லை. இனியும் தண்டையார்பேட்டையிலிருந்து அலைய வேண்டுமா?

பதில்: கட்டாயம் வர வேண்டும். கூழ் இறந்த பல் பெரும்பாலும் வலிக்காது; சாம்பல் நிறமாவதும் ஈறில் சிறு கட்டி தோன்றுவதும் பின்னர்தான் தெரியவரும். வேர் வளர்கிறதா என்பதைப் பக்கத்துப் பல்லோடு ஒப்பிட்டு எக்ஸ்ரேயில்தான் அறிய முடியும். அதேபோல், அடிபட்ட முதல் சில வாரங்களில் குளிர்ச்சிச் சோதனைக்குப் பல் உணர்வு காட்டாததை மட்டும் வைத்து, அது இறந்துவிட்டதென முடிவு செய்வதும் தவறு.

கேள்வி: இழந்த பல்லுக்கு 10 வயதில் இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) வைக்கலாமா?

பதில்: கூடாது. தாடை வளரும்போது இம்ப்ளான்ட் அதனுடன் சேர்ந்து இறங்காமல் மேலேயே தங்கிவிடும். வளர்ச்சி முடியும்வரை கழற்றி மாட்டும் பல் போதும்.